பெட்டிக்குள் கிளி, கிளிக்குள் உயிர்: முதன்முதலாக உளி பிடிப்பவர்களுக்கு

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு காடு. காட்டு நடுவில் ஓர் ஆலமரம். மரப்பொந்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள்தான் அரக்கன் தன் உயிரை ஒளித்து வைத்திருக்கிறான். ரங்கூனில் கரண்டு போன ராத்திரிகளில் எங்கள் அப்பாயி மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இளவரசன் கடலை எப்படித் தாண்டினான் என்பதெல்லாம் எங்களுக்குப் பெரிதாகப் படாது. பெட்டியைத் திறக்கும் இடம் வரும்போதுதான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

அக்கா மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் சமயம், என்ன கொடுக்கலாம் என்று கடை கடையாக அலைந்துவிட்டு, கடைசியில் அந்தப் பெட்டியையே செய்து கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் ஆசாரி இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். முதல் பெட்டி திறக்கவே இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் இறுகிப்போனது. மூன்றாவதுதான் அவள் கைக்குப் போனது. மூன்றிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை, இதுவரை உளியே தொடாதவர்களுக்காக எழுதுகிறேன். நான்கு சனிக்கிழமை போதும். மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். ரங்கூனில் கரண்டை நம்பி மரவேலையில் இறங்கினால், பாதி அறுத்த பலகையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உங்களுக்குப் பிடித்த கதை வேறாக இருக்கலாம். பறக்கும் குதிரை, பேசும் பதுமை, மாய மோதிரம், இல்லாவிட்டால் பர்மியப் பொம்மலாட்டத்தில் சிவப்பு உடையும் மந்திரக்கோலுமாகக் குதித்துக்கொண்டு வருகிற ஸோஜி. (நம் ‘யோகி’தான் அங்கே போய் ஸோஜி ஆகிவிட்டார்.) எதுவானாலும் கதை முழுவதையும் மரத்தில் செதுக்க ஆசைப்படாதீர்கள். இளவரசன், அரக்கன், அரண்மனை என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் கொண்டுவரப் பார்த்தால் பத்து வருஷ அனுபவம் உள்ளவருக்கே கை நடுங்கும். அந்தக் கதை எதை ஒளித்து வைத்திருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். வாங்குகிறவர் கையால் திறந்து, எடுத்து, திருப்பிப் பார்க்கும்படி செய்யுங்கள். என் கதையில் அது ஒரு நகர்த்தும் மூடி போட்ட பெட்டி, உள்ளே ஒரு கிளி, கிளி வயிற்றில் ஒரு சிவப்பு விதை.

மரம் எங்கே கிடைக்கும், எதை விட வேண்டும்

தேக்கு விளைகிற நாட்டில் இருந்துகொண்டு தேக்குப் பலகையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் தேக்கு போனது. இப்போது நிலைமை வேறு. 2014 ஏப்ரலில் முழு மரமாக ஏற்றுமதி செய்வதையே அரசாங்கம் நிறுத்தியது. நல்ல பலகை உள்ளூரிலும் மலிவில்லை. நமக்குத் தேவை கைக்குட்டை அளவு மரம்தான். மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில் ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் துண்டுகளைக் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கதவுச் சட்டம், ஜன்னல் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. அம்பது அறுபது வருஷம் காய்ந்த மரம் இனி வளைவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். உள்ளே ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த முகத்தை ரம்பத்தால் அப்படியே அறுத்து எறிந்துவிடுங்கள்.

பெட்டிக்குத் தேக்கு. மூடிக்குப் படாக் என்று நாம் சொல்லும் மரம், நம்மூர் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் முதல் மழை விழுந்ததும் மஞ்சளாகப் பூத்து ஒரே நாளில் உதிருமே, அதுதான். அந்தச் செம்மண் நிறம் தேக்கின் பொன்னிறத்துக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும். படாக் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் போடுங்கள். வெளிர் மரத்தோடு சேர்த்துத் தேய்த்தால் அந்தச் சிவப்புத் தூள் வெளிர் மரத்தில் ஏறிக்கொள்ளும், ஆகவே தனியாகத் தேய்க்க வேண்டும். பிங்காடோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரயில் பாதைக்குக் கட்டையாகப் போட்ட மரம் அது. உங்கள் உளிதான் தோற்கும்.

கிளிக்கு யமனே. தமிழில் குமிழ மரம் என்போம். பர்மாவில் பொம்மலாட்டப் பொம்மைகளுக்கு இதைத்தான் காலங்காலமாக எடுக்கிறார்கள். லேசான மரம், கத்திக்கு வெண்ணெய் போல வழிவிடும், காய்ந்த பிறகு வெடிப்பும் குறைவு. முதன்முதலில் செதுக்குகிறவருக்கு இதைவிட இணக்கமான மரம் கிடையாது.

இன்னொன்று. தேக்கைப் புதிதாக அறுத்ததும் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ‘ஐயோ, கெட்ட மரம்’ என்று நான் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டேன். வெளிச்சத்தில் நாலைந்து நாள் வைத்தால் தானே பொன்னிறமாகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சாமான்

மெல்லிய பல் உள்ள சின்னக் கைரம்பம் ஒன்று. அரை அங்குல உளி ஒன்று. செதுக்குவதற்குக் குட்டையான கத்தி ஒன்று. மூலைமட்டம், பென்சில், துளை போடக் கைத்துரப்பணம், சாணைக்கல், 80, 120, 180, 240 எண் உப்புத்தாள்கள். கிளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். இழுத்துச் சுற்றிக் கட்டினால் நாலு பக்கமும் ஒரே மாதிரி இறுகும். கடையில் வாங்குகிற கிளாம்பைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

உளியையும் கத்தியையும் தீட்டுவதற்கு முதல் சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேக்குக்குள் மணல் போன்ற சிலிகா இருக்கிறது. எந்த விளிம்பையும் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடித்துத் தள்ளும்போதுதான் கை வெட்டுப்படும், கூரான கத்தியால் அல்ல. முன்கை முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு நடுவிலும் அரை மணிக்கு ஒருமுறை கல்லில் நாலு இழுப்பு இழுக்க வேண்டும்.

அளவும் அறுப்பும்

இங்கே ஆசாரிகள் பேசும் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

பெட்டிச் சுவர்கள் நாலும் 3 நூல் கனம். நீளப் பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 6 அங்குல நீளம், இரண்டரை அங்குல உயரம். பின்பலகை 3 அங்குல நீளம், இரண்டரை அங்குல உயரம். முன்பலகை அதே 3 அங்குல நீளம், ஆனால் உயரம் 2 அங்குலம்தான். மூடி அதன் தலைக்கு மேலே நழுவி வெளியே வர வேண்டுமே, அதற்காக. மூடி 5 அங்குலம் 5 நூல் நீளம், 2 நூல் கனம். அகலத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகைத் துண்டு, 6 அங்குலத்துக்கு 3 அங்குலம் 6 நூல். இவை தவிர 2 நூல் சதுரக் கீற்றுகள் நாலு: 5 அங்குலம் 2 நூல் நீளத்தில் இரண்டு, 5 அங்குலம் 5 நூல் நீளத்தில் இரண்டு. எல்லாத் துண்டிலும் மர இழை நீளவாக்கில் ஓட வேண்டும். மூடிக்கு இது ரொம்ப முக்கியம்.

கோட்டின் மேல் அறுக்காதீர்கள். கோடு மீதமிருக்கும்படி வெளிப்பக்கம் அறுத்து, பிறகு உப்புத்தாளைத் தட்டையான பலகையில் ஒட்டி அதன்மேல் துண்டைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நீளப் பக்கம் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துத் தேய்த்தால் சமமாக வந்துவிடும். முன்பலகையும் பின்பலகையும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பெட்டி கோணிக்கொள்ளும். பெட்டி கோணினால் மூடி பாதி வழியில் நின்றுவிடும்.

ஏழு மலை

ஒட்டுவதற்கு முன்பே, பலகை மேசையில் தட்டையாக இருக்கும்போதே மலையைச் செதுக்கிவிட வேண்டும். நீளப் பக்கம் ஒன்றின் வெளிமுகத்தில் ஏழு முக்கோணம் வரையுங்கள். ஒவ்வொன்றின் அடியும் 4 நூல், நடுவில் 2 நூல் இடைவெளி. கூட்டினால் 5 அங்குலம், இரு ஓரத்திலும் அரை அங்குலம் மிச்சம்.

ஒரு முக்கோணத்தை எப்படி எடுப்பது என்று நிதானமாகச் சொல்கிறேன், ஒன்று வந்துவிட்டால் ஏழும் வந்துவிடும். முக்கோணத்தின் நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி. உளியின் ஒரு மூலையைப் புள்ளியில் ஊன்றுங்கள், உளியின் விளிம்பு முக்கோணத்தின் ஒரு முனையை நோக்கிப் படுத்திருக்கட்டும். புள்ளிப் பக்கம் ஆழமாகவும் முனைப் பக்கம் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி உளியைச் சாய்த்து, மரச்சுத்தியால் ஒரே தட்டு. இப்படி மூன்று முனைக்கும் மூன்று வெட்டு. இப்போது முக்கோணத்துக்குள் மூன்று கோடுகள் புள்ளியில் கூடும். அடுத்து கத்தியை எடுத்து, முக்கோணத்தின் ஒரு பக்கக் கோட்டில் வைத்துச் சாய்வாக உள்நோக்கித் தள்ளுங்கள். புள்ளிக்குக் கிட்டே போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு சின்னச் சில்லு தானாக எழும்பி வரும். எழும்பவில்லை என்றால் நெம்பாதீர்கள். நெம்பினால் பக்கத்து மரமும் சேர்ந்து பிய்ந்து வரும். முதல் மூன்று வெட்டின் ஆழம் போதவில்லை என்று அர்த்தம், திரும்ப உளியை வையுங்கள். மூன்று சில்லும் வந்த பிறகு பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூன்று முகத்தில் ஒன்று வெளிச்சம், ஒன்று நிழல், ஒன்று இரண்டுக்கும் நடுவில். மலைதான்.

மிச்சத் தேக்குத் துண்டில் பத்து முக்கோணமாவது பழகிவிட்டு நல்ல பலகைக்கு வாருங்கள். எனக்கு ஐந்தாவதில்தான் சத்தம் கேட்டது.

ஏழு கடலை மூடியில் ஏழு அலைக்கோடாகப் போட்டேன். அலையை நீளவாக்கில் ஓடவிட்டால் உளி சொன்னபடி கேட்கும். குறுக்கே ஓடவிட்டால் இழை பிசிறு பிசிறாகக் கிளம்பும். ‘வி’ உளி இல்லாதவர்கள் முக்கோண அரத்தின் ஓரத்தால் மெதுவாகத் தேய்த்தே கோடு போடலாம். படாக்கில் அது அழகாகவே வருகிறது.

ஒட்டுவது

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் கிட்டே வராததற்கும் தண்ணீரில் நின்றாலும் உளுத்துப்போகாததற்கும் அதுவும் ஒரு காரணம். ஒட்டும்போது அதே எண்ணெய் நமக்கு எதிரி. ஒட்டப்போகும் முகங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை துடைத்து, காய்ந்த உடனே வெள்ளைப் பசை தடவுங்கள். நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் வாசனைத் திரவத்தை அசிட்டோன் என்று நினைத்து எடுக்காதீர்கள், அதிலேயே எண்ணெய் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டாம்.

முன்பலகையும் பின்பலகையும் நீளப் பக்கங்களுக்கு நடுவில் அடங்கும்படி வைத்து, நாலையும் ஒட்டி, டியூபால் சுற்றுங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் இல்லாவிட்டாலும் வேறு வழி உண்டு: எதிரெதிர் மூலைகளுக்கு நடுவில் ஒரு குச்சியை வைத்து அளந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ராத்திரி காயட்டும்.

பலகையின் அறுத்த முனையில் பசை அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் மூங்கில் ஆணி அடிக்கிறோம். சாத்தே, அதாவது சுடுகிற கறித்துண்டு, குத்தும் மூங்கில் குச்சியே போதும். நீளப் பக்கத்தின் வெளியிலிருந்து உள்ளே நிற்கும் பலகைக்குள் போகும்படி, மூலைக்கு இரண்டு, மொத்தம் எட்டுத் துளை. குச்சியின் கனத்துக்கே துரப்பண முனை எடுங்கள். ஒரு அங்குல ஆழம். பசை தொட்டுக் குச்சியைத் தட்டி இறக்கி, மிச்சத்தை அறுத்துவிட்டுத் தேய்த்தால், பொன்னிற மரத்தில் எட்டு வெளிர்ப்புள்ளி நிற்கும். அதை மறைக்க வேண்டாம், அழகாகவே இருக்கும். அப்புறம் அடிப்பலகையை ஒட்டுங்கள்.

மூடி, அதாவது மழை

என் இரண்டு பெட்டிகளைக் கெடுத்த இடம் இது.

நகர்த்தும் மூடிக்கு முறைப்படி காடி, அதாவது மூடி ஓடுகிற நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். கையால் நேரான காடி வெட்டுவது முதல் வேலையிலேயே நடக்கிற காரியமில்லை. அதற்குத்தான் அந்த நாலு கீற்று. நீளப் பக்கங்களின் உள்முகத்தில், முன்பலகையின் தலைக்குச் சமமாக, குட்டைக் கீற்று இரண்டையும் ஒட்டுங்கள். மூடி அதன்மேல் உட்காரும். மூடிக்கு மேலே நீளக் கீற்று இரண்டும். நடுவில் உள்ள சந்துதான் காடி. சந்தின் அளவை அளந்தோ கண்ணால் பார்த்தோ வைக்காதீர்கள். மூடியையே வைத்து, அதன்மேல் இரண்டு ஓரத்திலும் ஒரு தபால் அட்டைத் துண்டை வைத்து, அதற்கு மேல் கீற்றை அழுத்தி ஒட்டினால் அட்டையின் கனம் அளவுக்குத் தளர்வு கிடைக்கும். கீற்று பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு இம்மி துருத்திக்கொண்டிருந்தால் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

முதல் பெட்டியில் இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பிதுங்கிய பசையைத் துடைக்காமல் தூங்கப் போனேன். காலையில் மூடியும் பெட்டியும் ஒரே கட்டை. இளவரசன் என்ன, அரக்கனே வந்தாலும் திறக்க முடியாது. ஆகவே மூடிக்கும் கீற்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விடுங்கள், ஒட்டிப் பத்து நிமிஷத்தில் மூடியை மெல்ல உருவி எடுத்துவிடுங்கள்.

இனி அகலம். மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ரங்கூனில் வைகாசி தொடங்கி ஐப்பசி வரை மழை. வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான். துணி காயாத, உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிற நாட்கள். 3 அங்குல மூடி கோடைக்கும் மழைக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு அகலம் மாறும். அரை மில்லிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம், மூடி இறுகுவதற்கு அதில் பாதி போதும். என் இரண்டாவது பெட்டியை மாசியில் செய்தேன். மூடி வெண்ணெயில் கத்தி போல நழுவியது. ஆனி மாதம் அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, ‘என்னடா, இதுக்கு ஒரு சுத்தியலும் சேத்துக் குடுப்பியா?’ என்று கேட்டாள்.

எனவே எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்று பார்த்து மூடியை அறுங்கள். மார்கழியிலிருந்து சித்திரை வரை வறண்ட நாட்களில் செய்தால், பெட்டியின் உள் அகலத்தைவிட மூடி ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. அடைமழையில் செய்தால் அரை மில்லிமீட்டர் குறைவு போதும், கோடையில் தானே தளரும். பரிசு குளிர்சாதன அறைக்குப் போகிறதென்றால், அங்கே எப்போதும் கோடைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியை இழுக்க, முன் ஓரத்தில் கட்டைவிரல் பதியும் ஒரு பள்ளம் போதும். பிறை வடிவில் உளியால் எடுத்து உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் ஆயிற்று.

கிளி

யமனேக் கட்டை மூன்றரை அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரம், ஒரு அங்குலக் கனம். இழை தலையிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வால் முறியும்.

செதுக்க ஆரம்பிக்கும் முன் துளை போடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் அசையாமல் நிற்கும், உருண்டையான பிறகு துரப்பணம் வழுக்கும். வயிற்றுப் பக்கம், அதாவது அடியில், உங்கள் விதையின் அளவுக்கு ஒரு துளை. கிளியைத் திருப்பிப் பார்த்தால்தான் உயிர் தெரிய வேண்டும்.

விதைக்கு நான் எடுத்தது மஞ்சாடி. சிவப்பாகப் பளபளவென்று, ஒரு பக்கம் லேசாகப் புடைத்து இருக்கும். தமிழ்நாட்டுத் தட்டார்கள் பொன் நிறுத்த விதை, பர்மியத் தட்டார்களும் இதையே எடைக்கு வைத்திருந்தார்கள். குன்றிமணியும் அதே வேலைக்குப் பயன்பட்டதுதான், பார்க்கவும் இன்னும் லட்சணம், கறுப்புப் பொட்டு வேறு. ஆனால் குன்றிமணியின் உள்ளே கொடிய விஷம் இருக்கிறது. கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தை கைக்குப் போகக்கூடிய எதிலும் அதை வைக்காதீர்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் மஞ்சாடியும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். துளையில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு விட்டால் போதும்.

கிளியின் பக்கத் தோற்றத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, சோற்றுப் பருக்கையைக் குழைத்துக் கட்டையில் ஒட்டுங்கள். ரம்பத்தால் வெளிப்பகுதியை முடிந்தவரை அறுத்து எடுத்துவிடுங்கள். அப்புறம் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி: தலை குறுகல், தோள் அகலம், வால் கூர். இப்போது கையில் இருப்பது கட்டைகளால் செய்த கிளி மாதிரி இருக்கும். கத்தியை இங்கேதான் எடுக்க வேண்டும்.

கட்டைவிரலில் துணி பிளாஸ்டர் இரண்டு சுற்று சுற்றுங்கள். கத்தி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கட்டும். முதுகிலிருந்து வாலுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு, நெற்றியிலிருந்து கழுத்துக்கு. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றினால் இழை கிழியும். கழுத்தில் இரண்டு சரிவும் சந்திக்கிற இடத்தில் முதலில் கத்தியால் சுற்றி ஒரு ஆழமான கோடு போட்டுவிடுங்கள். சரிந்து வரும் வெட்டு அந்தக் கோட்டில் நின்றுவிடும், தலையை வெட்டிக்கொண்டு போகாது. பெரிய சீவலாக எடுக்க ஆசை வரும். வேண்டாம். நகம் வெட்டினால் விழுமே, அந்த அளவு போதும்.

அலகைக் கடைசிக்கு வையுங்கள். அலகு கீழே வளையும் இடத்தில் இழை குறுக்கே வெட்டுப்பட்டு மரம் நொய்ந்துபோயிருக்கும், அங்கே கத்தியை விட்டுவிட்டு உப்புத்தாளை மடித்துத் தேய்த்தே வடிவம் கொண்டுவாருங்கள். என் முதல் கிளிக்கு அலகு பறந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் புறா என்று சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன்.

நிறம் எண்ணெய்ப் பெயின்டாக இருந்தால் பொம்மைக் கடைக் கிளியாகிவிடும். பச்சை அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கரைத்து, இழை தெரியும்படி ஒரே பூச்சு. அலகுக்குச் சிவப்பு. கண்ணுக்கு, தீக்குச்சி முனையால் கறுப்புப் புள்ளி. கழுத்து வளையத்துக்கு மட்டும், பகோடாக்களில் ஒட்டுவதற்கு விற்கும் மாண்டலே தங்கரேக்கு ஒன்றைப் பயன்படுத்தினேன். பசையை மெல்லக் கோடாகத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் ரேக்கை வைத்து, மெல்லிய தூரிகையால் ஒற்ற வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மூச்சுக்கே பறக்கிற சாமான் அது.

மெருகு

பெட்டியை 120, 180, 240 என்று வரிசையாகத் தேயுங்கள், இழை ஓடும் திசையிலேயே. பகான் ஊர்க் கைவினைச் சாமான்களில் பூசுகிற தித்சி என்ற மரப்பாலை வாங்கிப் பூசலாமா என்று சிலர் கேட்பார்கள். பச்சைத் தித்சி தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளம் கிளம்பும். அது பரம்பரைத் தொழில்காரர்களின் சமாசாரம், நமக்கு வேண்டாம். வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் துணியில் தொட்டு மெல்லியதாக ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு இன்னொரு பூச்சு. அதற்கு மேல் தேன்மெழுகு. உள்பக்கம் எண்ணெய் தொடவே கூடாது. மூடிய பெட்டிக்குள் அந்த வாடை மாசக்கணக்கில் போகாது. தோல் சாமான் போன்ற தேக்கின் மணமே நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

பரிசு வெளிநாடு போகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மரச்சாமானையும் விதையையும் விமான நிலையத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும், விதையைப் பெரும்பாலும் பிடுங்கிக்கொள்வார்கள். அங்கே போகிறவருக்கு விதைக்குப் பதில் சிவப்புக் கண்ணாடி மணி. மரத்தில் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சித் துளை இருக்கக் கூடாது.

அனோரதா சாலையில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் பெட்டியைக் கொடுத்தேன். என்ன என்று சொல்லவில்லை. அவள் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து மூடியை இழுத்தாள். கிளியை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் திருப்பினாள்.

‘மாமா, அப்பாயி கதை!’

மழையில் மூடி இறுகினால் இழுத்துப் பிடுங்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அரிசி டப்பாவுக்குள் இரண்டு நாள் பெட்டியை வையுங்கள், அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். திறந்ததும் மூடியின் ஓரங்களில் மெழுகுவத்தியை நாலு தடவை தேயுங்கள். அப்படியும் இறுகினால் 180 எண் உப்புத்தாளால் ஒரே ஒரு ஓரத்தை மட்டும் பத்துத் தேய்ப்பு. பத்துக்கு மேல் போகாதீர்கள், தை மாதம் வரும்.